மோட்டார்காரன் வீட்டுத் தண்ணி

பூட்டைப் புடிச்சு ஆட்டினா கடை தொறந்துடுமா தம்பி? பூட்டியிருக்குன்னு நான் ரெண்டு தடவை சொல்லியாச்சு. கையால தொட்டுப் பாத்தாதான் நம்புவீங்களோ? அப்படிப்பட்ட ஆளா இருந்தா சந்தோஷம்தான். வாங்க, உட்காருங்க. அந்தப் பலகைல வேணாம், பூராவும் கிரீஸ், உங்க வெள்ளைத் துணி பாழாயிடும். இப்படி இந்தப் பழைய மோட்டார்க் கூடு மேல உட்காருங்க. ஆடும், ஆனா விழாது.

வீட்டுக்கு வழி எங்கயும் ஓடிடாது, சொல்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்குறேன். நீங்க பொண்ணுக்கு அப்பாதானே? இதுல என்ன ஜோசியம் இருக்கு? வேலை நாள்ல, உச்சி வெயில்ல, இஸ்திரி போட்ட துணி கசங்காம, பழப்பையைத் தூக்கிட்டு, மோட்டார்காரர் வீடு எதுன்னு கேட்டுட்டு வர்றவரு மோட்டார் ரிப்பேருக்கா வருவாரு? ரிப்பேருக்கு வர்றவன் மோட்டாரைத் தோள்ல போட்டுட்டு வருவான். நீங்க பொண்ணைத் தலைல வெச்சுட்டு வந்திருக்கீங்க, எங்கயாவது இறக்கி வெச்சாப் போதும்னு.

கோவப்படாதீங்க. கோவப்பட்டாலும் எனக்கொண்ணுமில்ல. அடுத்த பஸ் வர நேரம் இருக்கு. அதுவரைக்கும் நீங்க கேக்கத்தான் வேணும், நான் பேசத்தான் போறேன்.

அந்தத் தரகன் என்ன சொன்னான் உங்ககிட்ட? மாப்பிள்ளை நல்ல வேலைக்காரரு, சுத்துவட்டாரத்துல எந்தப் பம்பு நின்னாலும் அவர் கைதான்னு சொல்லியிருப்பான். அது நெசம். அதுல ஒரு பொய்யும் இல்ல. செத்துப்போன மோட்டாரைக் கூட தட்டி எழுப்பிடுவான். ஏன் அவன் இவன்னு பேசுறேனா? வயசுல சின்னவன்தானே, பேசக்கூடாதா? வேற என்ன சொன்னான்? சொந்த வீடு. சரி. வீடு அவன் பேர்ல இல்ல, அவன் அம்மா பேர்ல இருக்கு, அதைச் சொன்னானா? சொல்லலை பாருங்க. மாமியாரைப் பத்தி என்ன சொன்னான்? சும்மா சொல்லுங்க, நான் யார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்... வாயாடியா? வயசாயிடுச்சு, இன்னும் எத்தனை நாளைக்குன்னு சொன்னானா? அப்படியே சொன்னானா! நல்லா இருக்கட்டும் அவன். அவன் வாய்ல சர்க்கரையைக் கொட்ட.

மொத பொண்டாட்டி?

போயிட்டான்னு சொன்னான். சரி. எங்க போயிட்டான்னு கேட்டீங்களா? போயிட்டான்னா போய்ச் சேந்துட்டான்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. கேட்டா வேற பதில் வந்துடுமோன்னு கேக்கலை, அதானே? எனக்குத் தெரியும் தம்பி. பொண்ணுக்கு வயசு ஏறிப்போன வீட்டுல காது பாதி கேக்காது.

இங்க பாருங்க. அவ எங்கயும் போகலை. இந்தக் கடைக்குப் பின்னால தெரியுதே அந்த ஓட்டு வீடு, அதுல உள் ரூம்ல, ஜன்னலோரமா கட்டில் போட்டுப் படுத்திருக்கா. உசுரோடதான். நல்லா பேசுவா. எழுந்து உட்காருவா, சுவரைப் புடிச்சுட்டு நாலு எட்டு வைப்பா. துணி தைப்பா. பொண்ணு ஒண்ணு இருக்கு, அது பெரியம்மா வீட்டுல தங்கிப் படிக்குது. அம்மா விழுந்ததும் இந்தப் பிஞ்சு தலைல குடத்தை ஏத்திடுவாங்களோன்னு பயந்து, படுத்த படுக்கைல இருந்தே ஆள் அனுப்பி அக்காவை வரவழைச்சு, புள்ளையைக் கைல புடிச்சுக் குடுத்துட்டா. அவ்வளவு வெவரமானவ.

எழுந்திரிக்காதீங்க. இப்ப எழுந்து எங்க போவீங்க? பஸ் இல்லைன்னு சொன்னேனே. முழுசா கேட்டுட்டுப் போங்க, வீட்டுல கேப்பாங்க இல்ல.

அவ பொறந்த வீட்டுல குழாய் இருந்துச்சு. கொல்லைல ஒண்ணு, சமையல்கட்டுல ஒண்ணு. அவ அப்பனும் உங்களை மாதிரிதான், பழப்பையோட வந்தாரு. பையனுக்குக் குடிப்பழக்கம் உண்டான்னு கேட்டாரு. கடன் உண்டான்னு கேட்டாரு. கூரையைத் தட்டிப் பாத்தாரு. குடிக்கத் தண்ணி குடுத்தாங்க, வாங்கிக் குடிச்சாரு. அந்தத் தண்ணி எங்கருந்து வருதுன்னு மட்டும் கேக்கலை. உத்தியோகத்துல தப்புப் பண்ணினவனைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்துவாங்கன்னு சொல்லுவாங்க. அவ ஒரு தப்பும் பண்ணலை, மேளதாளத்தோட மாத்திட்டாங்க.

இந்த மேட்டுத் தெருவுக்குக் குழாய்த் தண்ணி ஏறாது. கீழத் தெரு வரைக்கும் வரும், அதுவும் அவங்களுக்கே பத்தாது, நாம போய் நின்னா நாய் மாதிரி வெரட்டுவாங்க. நமக்குக் கிணறுதான். அதோ, அந்தப் பாறை மேடு தெரியுதா? அதுக்கு அந்தப் பக்கம் இறங்கணும். ரோடு வழியாவும் போகலாம், ஆனா சுத்து. தலைல குடம் இருக்கறவ சுத்துவழி போவாளா? பாறை மேல ஏறி இறங்கி வருவா. தலைல ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு, இடுப்புல ஒண்ணு. விடியறதுக்கு முன்ன ஒரு நடை, சமையல் முடிஞ்சு ஒரு நடை, பொழுது சாயறப்போ ஒரு நடை. துணி தொவைக்கற நாள்னா கணக்கே கிடையாது. கல்யாணமாகி வந்தப்போ அவளுக்கு முடி இடுப்புக்குக் கீழ தொங்கும். சும்மாடு வெச்சு வெச்சு உச்சந்தலைல முடி போயிடுச்சு, இத்தனை அகலத்துக்கு. தலையைச் சீவி அதை மறைக்கறதுக்கே தனியா நேரம் வேணும் அவளுக்கு.

புருஷனா? புருஷன் ஊரான் வீட்டுக் கிணத்துக்கெல்லாம் மோட்டார் மாட்டிட்டு இருந்தான். காலைல போனா, இவன் கை பட்டதும் நாலு காட்டுல தண்ணி பீறிட்டு அடிக்கும். சாயங்காலம் கை கால் முழுக்க எண்ணெயும் கரியுமா வந்து வாசல்ல நிப்பான். அவ ரெண்டு வாளி எடுத்து வெக்கணும். ஒரு நாள்கூட அந்த வாளி எப்படி ரொம்புதுன்னு அவன் நெனச்சதில்ல. சூரியன் உதிக்கிற மாதிரி அதுவும் தானா நடக்குதுன்னு நெனச்சிருப்பான்.

அவ வாய மூடிட்டு இருக்கலை. அதைச் சொல்லணும். ஒரு நாள் அவன் சாப்பிடறப்போ கேட்டா. கடைல இத்தனை பழைய மோட்டார் கிடக்குதே, அதுல ஒண்ணை நம்ம கிணத்துல மாட்டி, பாறை மேல குழாய் போட்டு, தெரு முனைல கொண்டாந்து விட்டா என்ன? தெருவுல இருக்கற பொம்பளைங்க எல்லார்கிட்டயும் பேசிட்டேன், பள்ளம் நாங்களே தோண்டறோம், குழாயும் நாங்களே தூக்கறோம், நீங்க வந்து மாட்டி மட்டும் குடுங்கன்னா. அவன் சிரிச்சான். சோறு வாய்ல இருக்கச் சிரிச்சான். உங்களுக்கெல்லாம் அந்த நடையும் இல்லைன்னா ஊர்வம்பு பேச வேற நேரம் ஏதுன்னான். விடலை அவ. மறுபடி கேட்டா. பாக்கலாம்னான். மழைக்கு அப்புறம்னான். மழைக்கு அப்புறம் கேட்டா, கிணத்துல தண்ணி மேல இருக்கு, இப்ப என்ன அவசரம்னான். வெயில் காலத்துல கேட்டா, தண்ணி கீழ போயிடுச்சு, மோட்டார் இழுக்காதுன்னான். ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்தினவன் பொண்டாட்டிக்குத் தண்ணி காட்டினான், வருஷக் கணக்கா.

நீங்க என்ன தலையை ஆட்டுறீங்க? உங்க வீட்டுல யாரு தண்ணி புடிக்கறா? குழாய் இருக்கா. இருந்தாலும் அதைத் தொறந்து குடத்துல புடிச்சு உள்ள கொண்டு வைக்கறது யாரு? உங்க பொண்ணா, உங்க சம்சாரமா? சரி விடுங்க.

ஒரு நாள் காலைல. வெளிச்சம் வந்துடுச்சு, நல்லாத் தெரியற நேரம்தான். அந்தப் பாறைல ஒரு இடம் இருக்கு, சரிவா, எல்லார் குடமும் அங்க கொஞ்சம் தளும்பும், எப்பவும் ஈரமாவே இருக்கும், பாசி வேற. இவளுக்கு முன்னால போனவ தண்ணியைச் சிந்திட்டுப் போயிருக்கா. இவ கால் வெச்சா, வழுக்கிடுச்சு. குடத்தை விட்டிருந்தா கையை ஊனியிருக்கலாம். விடலை. நடந்து எடுத்த தண்ணியாச்சே, கீழ விட மனசு வருமா? குடத்தைக் கட்டிப் புடிச்சுட்டே மல்லாக்க விழுந்தா. பின்னால வந்தவங்க சொன்னாங்க, விழுந்து கிடக்கறப்போவும் இடுப்புக் குடத்துல பாதித் தண்ணி இருந்துச்சாம்.

முதுகெலும்புல ஒண்ணு நசுங்கிப்போச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துல புடிச்சுக் காட்டி, பொழைச்சதே பெருசு, மெதுவா நடக்கலாம், ஆனா இனிமே தலைல இடுப்புல ஒரு பாரமும் ஏத்தக்கூடாதுன்னு சொன்னாங்க. அதுக்கு இந்த மகராசன் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி. வலிக்குமான்னு கேக்கலை. எப்ப நடப்பான்னு கேக்கலை. அப்போ தண்ணி எடுக்க எப்ப முடியும்னு கேட்டான். டாக்டரம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு அவனையே பாத்தாங்க. நான் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தேன். எனக்குத்தான் கூனிக் குறுகிப் போச்சு.

கூட யாராவது போக வேண்டாமா? நான் போனேன்.

அப்புறம் என்ன, குடம் மாமியார் தலைக்கு வந்துச்சு. அந்தக் கிழவி இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து சுமந்தவ, மருமக வந்துதான் இறக்கி வெச்சா. மறுபடியும் எடுத்தா. கழுத்து நடுங்கும். ஒரு குடம்தான் முடியும், அதையும் வழில நாலு இடத்துல இறக்கி வெப்பா. ஒரு குடத்துல மூணு பேருக்குச் சமையல், குடிக்க, மருமகளுக்கு உடம்பு தொடைக்க, அதுக்கு மேல தொரை வந்து கை கழுவ. அவன் பாத்தான். வீட்டுல தண்ணி பத்தலைன்னு கண்டுபுடிச்சான். கண்டுபுடிச்சு என்ன பண்ணினான்? கடைல இருக்கற மோட்டாரைத் தூக்கலை. தரகனைக் கூப்புட்டான்.

இப்பப் புரியுதா? தரகன் உங்க பொண்ணைப் பத்தி என்னென்ன விசாரிச்சான்னு நெனச்சுப் பாருங்க. படிப்பு கேட்டானா? கேக்கலை. உயரம் கேட்டிருப்பான். உடம்பு எப்படின்னு கேட்டிருப்பான். இடுப்பு வலி, மயக்கம் அது இது உண்டான்னு... கேட்டானா! நீங்க அக்கறைன்னு நெனச்சீங்க. என் பொண்ணு ஒரு நாள் படுத்ததில்லைன்னு பெருமையா வேற சொல்லியிருப்பீங்க. மாடு புடிக்கறவன் பல்லைப் பாப்பான் தம்பி. அதுக்குப் பேரு அக்கறை இல்ல.

தரகன் இங்க வீட்டுக்கு வந்து உட்காந்து பேசினது உள் ரூமுக்கு நல்லாக் கேட்டுச்சு. நடுவுல ஒரு மரத் தடுப்புதான். அவ அழுவான்னுதான் எல்லாரும் நெனச்சோம். கத்துவா, சாபம் விடுவா, அப்பன் வீட்டுக்குப் போறேம்பான்னு. ஒண்ணும் இல்ல. தரகன் போனப்புறம் மாமியாரைக் கூப்புட்டா. வர்றவகிட்ட அந்தப் பாறை சரிவைப் பத்தி மறக்காம சொல்லிடுங்க, இடது பக்கமா ஒதுங்கி நடக்கச் சொல்லுங்க, எனக்கு யாரும் சொல்லலைன்னா. அவ்வளவுதான். சொல்லிட்டு ஊசில நூல் கோத்துட்டு இருந்தா.

இருங்க... தூசி கண்ணுல விழுந்துடுச்சு. இந்த ரோட்டுல எப்பவும் தூசிதான்.

அந்தப் பேச்சைக் கேட்டதும் மாமியார்க்காரி எழுந்தா. வீட்டுல இருந்த குடம், தவலை, வாளி, அண்டா, ஒரு செம்பு விடாம அத்தனையும் உள் ரூம்ல மருமக கட்டிலுக்குக் கீழ அடுக்கினா. கதவைச் சாத்தித் தாப்பாள் போட்டுட்டா. எங்க ரெண்டு பேருக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு குடம் தர்றா, அது போதும், உனக்கு ஒரு சொட்டு கிடையாதுன்னு அவன்கிட்ட சொல்லிட்டா. அப்படின்னு... அந்த அம்மா சொன்னாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் வந்தான் பாருங்க, ரெண்டு முழங்கைக்கும் கறுப்பு எண்ணெய். வாசல்ல நின்னான். வாளி இல்ல. கத்தினான். கதவை ஒதைச்சான். நான் யாருன்னு தெரியுமான்னான். தெரியுமே, நல்லாத் தெரியும். அந்தக் கையோடயே சோறு தின்னான், துணில தொடைச்சுட்டு. மறுநாள் கூட்டாளி வீட்டுக்குப் போய் ஒரு வாளி தண்ணி குடுன்னு கேட்டான். அந்த வீட்டுக்காரி குடத்தைத் தலைலருந்து அப்பத்தான் இறக்கிட்டு இருக்கா. எடுத்துக்கோங்கண்ணே, நாளைக்குக் காலைல நீங்களே எங்களுக்கு ரெண்டு குடம் எடுத்தாந்து ஊத்திடுங்கன்னா. திரும்பி வந்துட்டான். கடைக்கு வர்றவங்க மூக்கைச் சுளிச்சாங்க. தலைவலியும் பல்வலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க?

கடைசியா சைக்கிள்ல, புதுசா வாங்கின ரெண்டு குடத்தைக் கட்டிட்டு அவனே கிளம்பினான். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பாத்து, ரோட்டைச் சுத்திக்கிட்டு. ஒரு குடம் வழிலயே விழுந்து நசுங்கிடுச்சு. தலைல வெச்சுப் பாத்தான், தோள்ல வெச்சுப் பாத்தான், நனைஞ்ச கோழி மாதிரி வந்து சேந்தான். ஒரு வாரம் இப்படியே போச்சு, அப்புறம் கடைக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டான். வெல்டிங் வெளிச்சம் மட்டும் பளிச்சு பளிச்சுன்னு வந்துச்சு. வெளிய வந்தப்போ ஒரு வண்டி. கீழ நல்ல பேரிங் சக்கரம், மேல பெரிய ட்ரம்மு, அடியில ஒரு குழாய், தள்ளறதுக்குக் கைப்புடி. ஏத்தத்துல பின்னால ஓடாம இருக்கத் தடை வேற. ஒரே நடைல ஒரு குடும்பத்துக்கு ஆகற தண்ணி வந்துடும். அழகா இருக்கு தம்பி, குறை சொல்ல மாட்டேன். வேலைக்காரன் வேலைக்காரன்தான்.

ஆனா பாருங்க. அவ தலைல முடி உதிர்ற வரைக்கும் சுமந்தா, இவனுக்கு யோசனை வரலை. முதுகு ஒடைஞ்சா, யோசனை வரலை. பெத்தவ கழுத்து ஆடுச்சு, அப்பவும் வரலை. தன் தோள் ஒரு வாரம் வலிச்சுது, வண்டி வந்துடுச்சு. இப்ப தெருவுல பொம்பளைங்க அவனைச் சுத்தி நின்னு எனக்கொண்ணு பண்ணிக் குடுன்னு கேக்கறாங்க, இவனும் பெரிய தர்மப்பிரபு மாதிரி சரி சரின்னு தலையாட்டறான். பாறை மேல குழாய் போட்டுடலாமான்னு அளந்துட்டுக்கூட வந்தானாம். யாரோ புதுசா சொன்ன யோசனை மாதிரி.

மனசு திருந்திட்டானான்னு கேக்குறீங்களா? நீங்களும் நல்லா ஆசைப்படறீங்க. கை திருந்தியிருக்கு, மனசைப் பத்தி நான் சொல்ல மாட்டேன். அந்த ஜன்னலுக்குப் பக்கத்துல தினம் ஒரு குடம் கொண்டு வந்து வெக்கறான். அவ திரும்பிப் பாக்கறதில்ல. பாக்கணும்னு ஒரு சட்டமும் இல்ல. இத்தனையும் பண்றவன், தரகனைக் கூப்புட்டு வேணாம்ப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? சொல்லலை. சொல்லியிருந்தா நீங்க எதுக்கு இந்த வெயில்ல வர்றீங்க? இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு தரகன் சம்சாரம் காதுல போட்டா. அதான் காலைலேர்ந்து இந்தக் கடை வாசல்லயே உட்காந்திருக்கேன். வீட்டுக்கு வழி கேட்டு வந்தா இங்கதானே வந்து நிக்கணும்.

அதோ, சத்தம் கேக்குதா? ட்ரம்மு குலுங்கற சத்தம். திரும்பறான் பாருங்க வளைவுல. போட்டோல பாத்ததைவிட இளைச்சிருக்கானா? தண்ணி தூக்கினா இளைக்கும். ஏத்தத்துல எப்படி மூச்சு வாங்குது பாருங்க. வரட்டும், கை குடுக்கப் போகாதீங்க. பாத்துட்டான் நம்மளை. பாருங்க பாருங்க, தலையைக் குனிஞ்சுட்டான். சின்ன வயசுலேயே அப்படித்தான், தப்புப் பண்ணிட்டா என் மூஞ்சியைப் பாக்க மாட்டான், சாப்பாட்டைத் தட்டுல போட்டாக்கூட தட்டையேதான் பாத்துட்டு இருப்பான்.

ஆமா, நான் பெத்ததுதான். வேற யாருக்கு இவ்வளவு வயித்தெரிச்சல் இருக்கும்? அதுக்கு ஏன் இப்படி வாரிச் சுருட்டிட்டு எழுந்திரிக்கறீங்க? உட்காருங்க சம்பந்தி, உட்காருங்க. அவன் கிட்ட வந்ததும் நீங்களே கேளுங்க, பொண்ணு எதுக்கு வேணும்னு. நானும் கேட்டுட்டேன், உள்ள படுத்திருக்கறவளும் ஒரே ஒரு தடவை கேட்டுட்டா, அவன் வாயைத் தொறக்கலை. பொண்ணைப் பெத்தவர் நேர்ல நின்னு கேட்டா என்ன சொல்றான்னு நானும்தான் பாக்கறேன்.